மலைக்கு முதுகு கொடுத்தவள்

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள், முதல் ஷிப்ட் முடிந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்த தனக்கோடி, இனி ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது என்று ஆனபோது, எங்கள் காலனிக்குப் பின்னால் நிற்கும் மண்மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். ஒரு வாரமாக நாளுக்கு ஒரு சாண் வீதம் காலனியை நோக்கி வந்துகொண்டிருந்த மலை அப்போது நின்றது.

அது கடவுள் வைத்த மலை இல்லை. எங்கள் பழைய ஊர் நிலக்கரிக்கு மேலே இருந்தது, அந்த ஒரே குற்றத்துக்காகச் சுரங்க ஆபீசில் எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். நாங்கள் சட்டிபானையோடு இறங்கிய பிறகு வயலையும் களத்தையும் கிணற்றையும் சுடுகாட்டையும் ஒன்றாகத் தோண்டி, மண் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட்டில் ஏற்றி, ஐந்து கல் தொலைவில் கொட்டினார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வரிசையாக அறுபத்து நான்கு வீடு கட்டி எங்களை அதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். முதலில் தோண்டிய மேல்மண் அடியிலும், கடைசியில் தோண்டிய ஆழத்துக் களிமண் உச்சியிலும் போய்ச் சேர்ந்ததால், எங்கள் ஊர்தான் தலைகீழாக எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

மலை நின்ற இடம் முன்பு வெள்ளேரி. மண் கொட்ட இடம் பார்க்க எட்டு வருடத்துக்கு முன் ஆபீசர்கள் வந்தபோது அதில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாத ஏரியை அவர்கள் தரிசு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அளவு பார்க்கிற தாமோதரன் என்பவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கி, முழங்கால் ஆழம் ஒரு குழி தோண்டி, அடியில் இருந்த சாம்பல் நிறக் களியை ஒரு பிடி எடுத்துவந்து காட்டினார். "சார், இது சோப்புக்கட்டி மாதிரி. ஈரம் பட்டா மேல என்ன வெச்சாலும் வழுக்கும். மேற்கால இருக்கிற செம்மண் மேட்டைப் பாருங்க, பாறை மாதிரி கெட்டி" என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. மேட்டுக்குக் கொண்டுபோவதென்றால் பெல்ட்டை இன்னும் ஒரு கல் நீட்ட வேண்டும், ஏரியோ பக்கத்தில் கிடக்கிறது. பெரிய ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். தாமோதரன் எழுதிக் கொடுத்த குறிப்பு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கையில் ஒட்டிய களியை எங்கள் குழாயடியில்தான் கழுவினார், கழுவக் கழுவ அது போகவே இல்லை.

ஆகவே மலை நடக்கத் தொடங்கியதில் எங்களுக்கு வியப்பு ஒன்றுமில்லை. முதலில் உச்சியில் ஆள் புகும் அளவுக்கு வெடிப்பு விட்டது, பிறகு அடிவாரம் வயிறு தள்ளியது, குழாயடி போனது, ரேஷன் கடை வேலி போனது, மேஸ்திரி ஏகாம்பரத்தின் மாட்டுக்கொட்டகைத் தூண் இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது. தனக்கோடி சாய்ந்த நேரத்தில் அந்த முனகல் சட்டென்று நின்றுபோக, தூண் முறிந்துவிட்டதோ என்று பதறிப்போய் ஏகாம்பரம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அவனைப் பார்த்ததும் தனக்கோடி, மேஸ்திரி ஆயிற்றே என்று எழுந்தாள். தூண் முனகியது. பயந்து உட்கார்ந்தாள். முனகல் நின்றது.

"யக்கா, எழுந்திருக்காத" என்றான் ஏகாம்பரம்.

"நான் எங்கப்பா எழுந்திருக்கிறேன், காலு ரெண்டும் கழண்டு கெடக்குது" என்றாள் அவள்.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தாள், அவளுக்குச் சோறு அங்கேயே வந்தது. மண்மலை ஒரு பெண்பிள்ளையின் முதுகில் நிற்குமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை; இத்தனை காலம் எங்கள் முதுகில் எது நிற்கவில்லை. அடுத்து யார் உட்காருவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஏகாம்பரம் தானே முன்வந்தான். நல்ல உடம்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்காமல் இருந்ததில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, கறிக்கடை முதலாளி போல மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மலை அவனை நாற்காலியோடு சேர்த்து ஒன்றரை முழம் தள்ளிவிட்டது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் நான்கு பேர் வரிசையாக நின்று முட்டுக் கொடுத்தார்கள், அவர்களையும் தள்ளியது. இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு, சாப்பிடாமல், காய்ச்சலோடு வந்த ஒல்லிக்குச்சி மாரிசெல்வம் சும்மா ஒரு பீடி பற்றவைக்கச் சாய்ந்தபோது மலை நின்றது. அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. மலைக்குப் பலம் வேண்டாம். தோண்டி, சுமந்து, கொட்டி, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்காமல் கண்ட இடத்தில் நிற்க வைக்கப்பட்ட மண் அது. தன்னைப் போலவே ஓய்ந்துபோன ஒரு முதுகு கிடைத்தால்தான் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். உழைத்துக் களைத்த முதுகுக்கு எங்கள் காலனியில் பஞ்சமா.

முறை வைத்துக்கொண்டோம். எந்த ஷிப்ட் முடிகிறதோ அந்த ஷிப்டின் ஆட்கள் நேரே வீட்டுக்குப் போகாமல் மலைக்கு வர வேண்டும், வருகிற வழியில் டீ குடிக்கக் கூடாது, முகம் கழுவக் கூடாது. உட்கார்ந்திருப்பவரிடம் கதை சொல்லிச் சிரிக்க வைக்கக் கூடாது, சிரித்தால் அடிவாரத்தில் பொலபொலவென்று மண் உதிரும். நாளடைவில் எங்கள் பேச்சே மாறிப்போனது. "என்னா, நல்லாத் தூங்குனியா?" என்பது வசவாகிவிட்டது, அந்த வசவுக்காக இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் ஆட்கள் பையனின் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தைப் பெருமையாகக் காட்டினார்கள். கவுன்சிலர் வந்து தனக்கோடிக்குச் சால்வை போட்டார், போட்டோவுக்காகத் தானும் பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்தார், அவர் சாய்ந்த பக்கம் மட்டும் மலை இரண்டு விரல்கடை இறங்கியதால் போட்டோவில் அவர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருக்கிறார்.

விடுமுறை நாள்தான் கஷ்டம். பொங்கலன்று எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சர்க்கரைப் பொங்கல் தின்று, உடம்பெல்லாம் தெம்பாக இருந்தோம். ஒரு முதுகுகூட மலைக்கு ஏற்கவில்லை. தனக்கோடியைக் கூப்பிட்டோம். எந்த நாளிலும் அவள் முதுகு ஏற்றது. புருஷன் போய்ப் பதினோரு வருடம், காண்டிராக்ட் வேலை, பெல்ட்டில் ஓடுகிற மண் வழியெல்லாம் சிந்தும், சிந்தியதை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டிலேயே போட வேண்டும், எட்டு மணி நேரமும் அதுதான். அவள் வாரிப் போட்ட மண் பெல்ட் ஏறி, அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையின் தலையில்தான் விழுந்தது. பகலில் ஏற்றியதை மாலையில் தாங்கினாள். இதைச் சொல்லி அவளை நாங்கள் கேலிகூடப் பண்ணியிருக்கிறோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை தோறும் காலை பதினோரு மணிக்கு தாமோதரன் சார் வருவார். மலையின் இடுப்பில் நட்டிருந்த ஏழு அளவுக்கற்களை, முக்காலி மேல் வைத்த கருவியில் ஒற்றைக் கண்ணால் பார்த்து, போன வாரத்துக்கு இந்த வாரம் ஒவ்வொரு கல்லும் எவ்வளவு நகர்ந்தது என்று ஃபார்மில் எழுதுவார். கார்த்திகையில் சாண் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு ஏழு கல்லுக்கும் பூஜ்யம் எழுதினார். ஒன்பது திங்கட்கிழமை, ஏழு ஏழு பூஜ்யம். முதல் வாரமே அடிவாரத்துக்கு இறங்கி வந்து, சாய்ந்திருந்த தனக்கோடியைப் பார்த்தார், அவள் முதுகுக்குப் பின்னால் மண் அழுந்தியிருந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முக்காலியை மடக்கினார்.

"என்னா சார் எழுதுனீங்க?" என்று தனக்கோடிதான் கேட்டாள்.

"கல்லு எவ்வளவு நகர்ந்ததுன்னு எழுதணும்மா. நகரல. அதை எழுதுனேன்" என்றார். பிறகு, "எது மேல நிக்குது, யாரு முதுகுல நிக்குதுன்னு எழுத அந்த ஃபார்ம்ல இடம் இல்ல" என்றார். அவர் கண்ணும் குழி விழுந்துதான் இருந்தது.

தை மாதம் தனக்கோடியின் மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கூட்டிவந்துவிட வேண்டும், கூட்டிவராத தாய்க்கு ஊரில் மரியாதை இல்லை. தனக்கோடி ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போனாள். அவள் இல்லாத அந்த ஒரு நாளுக்காக மாரிசெல்வம் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து மலைக்கு உட்கார்ந்தான். வளையல் அடுக்கி முடிந்ததும் சம்பந்தியம்மா தனக்கோடியைத் தனியாக அழைத்தாள். அதட்டுகிற மனுஷி இல்லை அவள், சாந்தமாகவே பேசினாள்.

"உங்க வூட்டுக்குப் பின்னால மலை நடக்குதாமே, சம்பந்தி?"

"இப்ப நின்னுடுச்சுங்க. அளவு பாக்குறவரே பூஜ்யம்னு எழுதிட்டாரு."

"எதுல நிக்குது?"

தனக்கோடி காலிப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள். என் முதுகில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை பெற்றுக் கிடக்கிற மகளுக்கு வெந்நீர் வைக்க, கஷாயம் போட, குழந்தையைக் குளிப்பாட்ட எழுந்துதானே ஆக வேண்டும், எழுந்தால் மலை வரும், உட்கார்ந்தால் மகளுக்கு யாரும் இல்லை. தேன்மொழி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வெறும் பாத்திரங்களோடு அவள் தனியாக பஸ் ஏறினாள். பஸ்ஸில் வழிநெடுக அழுததாக, வெகுநாள் கழித்து எங்களிடம் சொன்னாள்.

அந்த வாரமே ஆபீசிலிருந்து ஆர்டர் வந்தது. ஒன்பது வாரமாக மண்மலை அசையவில்லை, ஆகவே மண்மலை உறுதியாக உள்ளது, ஆகவே இன்னும் ஒரு அடுக்கு ஏற்றலாம். பெல்ட்டின் நுனியில் மண் துப்புகிற பெரிய இயந்திரம் கழுத்தைத் திருப்பி மறுபடி எங்கள் மலை உச்சியைப் பார்த்தது.

அதன் பிறகு ஒரு முதுகு போதவில்லை. இரண்டு உட்கார்ந்தோம், நான்கு உட்கார்ந்தோம், மாசி பிறந்தபோது ஷிப்ட் முடிந்து வந்த பதினாறு பேரும் வரிசையாகச் சாய்ந்தும் தூண் முனகுவது நிற்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்தார்கள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பேசத் தொடங்கிய வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை. நாங்கள் எவ்வளவு நன்றாகத் தாங்கினோமோ அவ்வளவு மண்ணை எங்கள் மேல் ஏற்றினார்கள், ஏற்றினவர்களும் நாங்களே, அப்படியும் எங்களுக்கு உறைக்கவில்லை.

தனக்கோடிக்கு உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வரிசையில் நடுவில் சாய்ந்திருந்தவள், தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒருத்தரும் உக்கார வேணாம்."

வரிசையில் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"உனக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சா யக்கா?" என்றான் ஏகாம்பரம். "முதல் வரிசை போயிடும். உன் வூடு முதல் வரிசை."

"தெரியும்."

"ஒரு தடவ ஊர விட்டு மூட்டை கட்டுனது பத்தாதா?"

"அன்னைக்கு அவங்க கட்டச் சொன்னாங்க, கட்டுனோம். இன்னைக்கு நான் சொல்றேன். நாம தாங்குற வரைக்கும் அவங்க கண்ணுக்கு இது மலை இல்லப்பா, பூஜ்யம். எம் பொண்ணு வயித்துல புள்ளையோட அங்க உக்காந்திருக்குது. நான் இங்க உக்காந்திருக்கேன். இன்னும் எத்தினி நாளைக்கு?"

மாரிசெல்வம்தான் முதலில், "எங்க போறது?" என்று கேட்டான். அவள் கையைத் தூக்கி மேற்கே காட்டினாள். முன்பு தாமோதரன் காட்டிய அதே செம்மண் மேடு, எட்டு வருடமாக ஆடு மேய்ந்துகொண்டு சும்மா கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து சாமான்களைச் சுமந்தோம். கட்டில், பீரோ, கிரைண்டர், சாமி படம், கதவுகளைக்கூடச் சிலர் கழற்றிக்கொண்டார்கள். ஏகாம்பரம் திட்டிக்கொண்டே மாடுகளை ஓட்டிப் போனான். வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழ எழ, மீதி இருந்த முதுகுகளில் பாரம் ஏறியது. கடைசியில் தனக்கோடி மட்டும் இருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவள் இரண்டு குதிகாலும் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. பதினோரு மணிக்குத் தாமோதரன் சார் வந்து, காலி வீடுகளையும் அவளையும் பார்த்துவிட்டு, தள்ளி நின்று முக்காலியை விரித்தார்.

"தயாரா சார்?" என்று கேட்டாள்.

"நீ எழுந்திரும்மா" என்றார்.

அவள் கையை ஊன்றி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஓடாமல், வழக்கமாக வேலைக்குப் போகிற நடையில் மேற்கே நடந்தாள். அவளுக்குப் பின்னால் மலை படுத்தது. இடிந்து விழுந்தது என்று பேப்பரில் எழுதினார்கள், அது சரியில்லை, நாங்கள் மேட்டிலிருந்து பார்த்தோம்; மூன்று ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்த ஆள் பாயில் கையை ஊன்றி, ஒருக்களித்து, மெல்லக் காலை நீட்டுவது போல வெள்ளேரியின் நீளத்துக்கும் அது படுத்தது. முதல் வரிசை முழுக்கப் போனது, இரண்டாம் வரிசையில் பதினெட்டு வீடு போனது. ஒரு கோழி மட்டும் சாகக் கொடுத்தோம். மாலை நான்கு மணிக்கு எல்லாம் ஓய்ந்தபோது, அவ்வளவு பெரிய மண்ணிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. தாமோதரன் சார் ஏழு கட்டத்திலும் 'கல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனக்கோடி அதைப் பார்க்கவில்லை, மேட்டில் வெறும் தரையில் படுத்து இரண்டு நாள் தூங்கினாள்.

மேட்டில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தோம். சம்பந்தியம்மா வந்து பார்த்தாள், குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள், கால்தான் வலித்தது. மறுநாளே தேன்மொழியை அனுப்பிவைத்தாள். பங்குனி பிறந்து நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் தூங்கினோம். மதியம் தூங்கினோம், இரவெல்லாம் தூங்கினோம், ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் கருவளையம் போனது, "நல்லாத் தூங்குனியா?" என்று வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டோம்.

சித்திரையில் ஒரு காலை, தனக்கோடி மணையில் உட்கார்ந்து, நீட்டிய கால்கள் மேல் பேத்தியைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, தாமோதரன் சார் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் அளவுக்கற்களைச் சுமந்து வந்தார்கள். தூரத்தில் பெல்ட்டின் புதுக்கால்கள் மேற்கே பார்த்து வரிசையாக நின்றன. மண் சரிந்ததை விசாரிக்கக் கமிட்டி போட்டார்களாம், கமிட்டி பழைய கோப்பைத் தேடி எடுத்ததாம், எட்டு வருடத்துக்கு முன் தாமோதரன் எழுதிய குறிப்பை ஒரு எழுத்து விடாமல் ஏற்றுக்கொண்டதாம். மண் கொட்ட மிகவும் தகுந்த இடம், மேற்கே உள்ள செம்மண் மேடு.

அவர் தலையைத் தூக்காமல் நின்றார். அவ்வளவு களைத்த மனிதனை நாங்கள் பார்த்ததில்லை.

"கொஞ்சம் எழுந்திரும்மா. முதல் கல்லு இங்கதான் நடணும்."

தனக்கோடி குழந்தையின் முகத்தில் தண்ணீர் படாமல் நெற்றியில் கையை அணை கட்டி ஒரு செம்பு ஊற்றினாள்.

"ஒரு தடவ எழுந்துட்டேன் சார். இனிமே மாட்டேன்."

தேன்மொழி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரிசெல்வம் உட்கார்ந்தான். ஏகாம்பரம் நாற்காலியைத் தேடி, கிடைக்காமல், தரையில் உட்கார்ந்தான். அறுபத்து நான்கு வீட்டு ஆட்களும் ஒருவர் முதுகோடு ஒருவர் சாய்ந்து மேடு முழுக்க உட்கார்ந்தோம்.

"இது மலை இல்லம்மா, ஆபீசு" என்றார் தாமோதரன். "களைச்ச முதுகுக்கெல்லாம் இது நிக்காது."

"தெரியும் சார். மலைய நிறுத்தத்தான் களைச்சவங்க வேணும். நாங்க ரெண்டு மாசமா நல்லாத் தூங்குறோம்."

கல் சுமந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டினார், கற்களைக் கீழே வைத்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்களுக்கு நடுவில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, மாரிசெல்வத்தின் முதுகில் தன் முதுகைச் சாய்த்தார். குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதற்குள் தூங்கிவிட்டார். நாங்கள் அவரை எழுப்பவில்லை.